பிடுங்க மனம் வரவில்லையா?

கொல்லையில் பாத்தி கட்டி, முள்ளங்கி விதையைத் தூவித் தினமும் தண்ணீர் தெளிக்கிறீர்கள். சில நாளில் பச்சைப் பாய் விரித்தாற்போல் நெருக்கமாக முளைத்து நிற்கிறது. “ஒரு விதைகூடப் பொய்க்கவில்லை!” என்று பூரித்துப் போகிறீர்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பம்!

ஆவடியை அடுத்த சேக்காட்டில் எனக்கு ஒரு சிநேகிதி உண்டு. வீடு கட்டும்போதே கிணற்றடியில் இரண்டு பாத்திக்கு இடம் விட்டவள். போன தை மாதம் அங்கே போயிருந்தேன். முள்ளங்கிப் பாத்தி கண்ணைப் பறித்தது. “சாம்பாருக்கு ஆயிற்று” என்று ஒரு செடியைப் பிடுங்கினாள். இலை முழ நீளம், கிழங்கோ எலிவால்! பத்துச் செடி பிடுங்கியும் அதே கதைதான்.

“ரெண்டு இலை விட்டதுமே கலைச்சு விடுன்னேனே, கேட்டியா?” என்றார் மாமியார்.

“உயிரோட நிக்கிறதை எப்படி அத்தை பிடுங்குவேன்?” என்றாள் அவள். நாற்பது நாள் பாடு வீணாகிவிட்டது.

அந்தத் தயக்கம் நம் எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் நெருக்கத்தில் நடப்பது என்ன? பக்கத்துச் செடியின் நிழல் பட்டதும் ஒவ்வொன்றும் வெளிச்சத்தைத் தேடி எட்டிப் பார்க்கிறது. தண்டும் இலையும் நீள்கின்றனவே தவிர, கிழங்கில் சேர்க்க மிச்சமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ நாற்றுகளுக்கிடையே ஈரம் காய்வதில்லை. நாற்றழுகல் நோய் புகுந்தால் பாத்தியோடு சாய்ந்துவிடும்.

நெல்லுக்கு நண்டு ஓட, வாழைக்கு வண்டி ஓட, தென்னைக்குத் தேர் ஓட இடம் விடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். நம் கொல்லைக்குத் தேர் வேண்டாம். சாணும் முழமும் போதும். முள்ளங்கிக்கும் தண்டுக்கீரைக்கும் செடிக்குச் செடி 4 அங்குலம். வெண்டைக்கு ஓர் அடி. தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒரு முழம். கத்தரிக்கு 2 அடி.

கீரை விதை ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அப்படியே தூவினால் கொத்துக் கொத்தாக விழும். மணலோடு கலந்து தூவுங்கள். வெண்டையைக் குழிக்கு இரண்டு விதையாக ஊன்றி, திடமான ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விதையிலைக்குப் பிறகு இரண்டு சொந்த இலை வந்ததும் கலைக்கலாம். மண்ணை நனைத்துக்கொண்டு, சாயங்கால வேளையில் மெலிந்ததைப் பிடுங்குங்கள். வேர்கள் பின்னியிருந்தால் கத்தரிக்கோலால் அடியோடு நறுக்கினால் போதும். நிற்கும் செடி அசையாது. பிடுங்கிய கத்தரி, தக்காளி நாற்றை வேறிடத்தில் நடலாம். முள்ளங்கியை மாற்றி நட்டால் கிழங்கு கோணிப் பிளந்து போகும்.

அப்படியானால் பிடுங்கியதெல்லாம் குப்பைக்கா? ஐயையோ, வேண்டாம்! இளங்கீரை மசியலாகும், முள்ளங்கித் தளிர் பாசிப்பருப்போடு பொரியலாகும். இது முதல் அறுவடை என்று நினைத்துக்கொண்டால் கை தானே துணியும்.

பங்குனியில் சிநேகிதி ஆவடியில் மின்சார ரயில் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். பையில் ஆறு முள்ளங்கி. ஒவ்வொன்றும் ஒரு சாண் இருந்தது.

“கலைச்சியா?” என்றேன்.

“நான் எங்கே! அத்தை கலைச்சாங்க. நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்” என்றாள், சிரித்துக்கொண்டே.