கன உலோகம் எனும் பெயர்

ஈயம், பாதரசம் முதலிய அடர்த்தி மிக்க உலோகங்களை ‘ஹெவி மெட்டல்’, அஃதாவது கன உலோகம், என வேதியியலார் வழங்குவர். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பெரும் பீரங்கிகளையும் இச்சொல்லாற் குறித்தனர். ஆய்வுக்கூடத்திலும் போர்க்கப்பலிலும் வழங்கிய இச்சொல், மின்கிதாரின் பேரொலியும் முரசின் அதிர்வும் மிக்க ஓர் இசைக்குப் பெயரானது எவ்வாறு?

உலோகம் மோதும் ஓசையை ஒத்திருத்தலால் இப்பெயர் வந்தது என்று பலர் எளிதிற் கூறிவிடுவர். சொல்லின் வரலாறு அத்துணை நேரியதன்று. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பரோஸ் 1964-இல் வெளியிட்ட ‘நோவா எக்ஸ்பிரஸ்’ என்னும் புதினத்தில் கன உலோக மாந்தர் வருகின்றனர். அவர்கட்கும் இவ்விசைக்கும் தொடர்பு யாதும் இல்லை. 1968-இல் ‘ஸ்டெப்பன்வுல்ஃப்’ குழுவினர் பாடிப் புகழ்பெற்ற ‘பார்ன் டு பி ஒயில்ட்’ என்னும் பாடலிலும் இச்சொற்கள் உள்ளன. ஆயின், அங்கு அவை மோட்டார் சைக்கிளின் முழக்கத்தையே சுட்டுகின்றன. அக்கால இளைஞர் வழக்கில் ‘ஹெவி’ என்பது எடையை மட்டுமன்றிக் கருத்தின் ஆழத்தையும் குறித்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இசைக்கு இப்பெயரைச் சூட்டியவர்கள் இதழ்களில் மதிப்புரை எழுதியோரே. 1968 மே மாதம் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் பாரி கிஃபோர்டு என்பவர், ‘எலக்ட்ரிக் ஃபிளாக்’ குழுவின் இசைத்தட்டைப் பற்றி எழுதுங்கால் இச்சொல்லை எடுத்தாண்டார். வியப்பு யாதெனின், அக்குழுவின் இசையை இவ்வகையில் அடக்குவார் இன்று இலர். 1970 நவம்பரில் அதே இதழில் மைக் சாண்டர்ஸ் ‘ஹம்பிள் பை’ குழுவைக் குறித்து எழுதியபோது, இச்சொல் இகழ்ச்சியாகவே வந்தது. 1971 மே மாதம் ‘கிரீம்’ இதழில் ‘சர் லார்டு பால்டிமோர்’ குழுவைப் பற்றி அவர் எழுதிய பின்னரே, அஃது ஓர் இசைவகையின் பெயராக ஊன்றத் தொடங்கிற்று.

இதற்கு வேறொரு கதையும் உண்டு. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிதார் வாசிப்பது வானினின்று உலோகம் விழுவது போன்றது என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியதாம். அதுவே பெயரின் தோற்றமாம். ஹென்ட்ரிக்ஸின் மேலாளராய் இருந்த சாஸ் சாண்ட்லர் 1995-இல் இவ்வாறு கூறினார். கேட்க இனிய கதைதான். ஆனால் அக்கட்டுரையைத் தேடியவர் எவரும் கண்டிலர்.

பெயர் பேனாவிற் பிறந்ததெனினும், இவ்விசைக்கு மெய்யான உலோகத்தோடும் ஓர் உறவு உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம், ஆலைகள் நிறைந்த நகரம். அங்கே தகட்டு ஆலை ஒன்றில் வேலை செய்த டோனி ஐயோமி, 17-ஆம் வயதில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இயந்திரத்திற்கு இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குக் கிதாரின் தந்திகளை அழுத்துவது அவ்வலக்கையே. அவர் சோர்ந்து ஒழியவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குக் கூடு செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். அவர் சேர்ந்திருந்த ‘பிளாக் சப்பத்’ குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, விரல்களின் நோவு குறையும்பொருட்டுத் தந்திகளை மேலும் தளர்த்தி வாசித்தார். அக்குழுவின் மூன்றாம் இசைத்தட்டிற் கேட்கும் தாழ்ந்த, கனத்த ஒலி அத்தளர்ச்சியின் விளைவாகும்.