சின்ன விமானத்தில் ஏறுமுன் கேட்க வேண்டியவை

2013 டிசம்பர் 11. ஹவாய் தீவுகளில் ஒன்றான மொலோக்காயின் கலாவுபாபா என்ற சிற்றூரிலிருந்து ஹொனலுலுவுக்கு ஒரு செஸ்னா கேரவன் விமானம் கிளம்பியது. ஒற்றை எஞ்சின். விமானியோடு சேர்த்து 9 பேர். கடலுக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினுக்குள் டர்பைன் தகடுகள் முறிந்து, உந்துவிசை அடியோடு போய்விட்டது. விமானி பதறவில்லை. அலைகளின் மேல் விமானத்தை ஒழுங்காக இறக்கினார். 9 பேரும் உயிரோடு வெளியே வந்து தண்ணீரில் மிதந்தார்கள்.

அவர்களில் ஒருவர் மட்டும் கரை சேரவில்லை. அவர் மாநில சுகாதாரத் துறை இயக்குநர் லொரெட்டா ஃபடி. உடலில் பெரிய காயம் எதுவும் இல்லை. கடுமையாக மூச்சிரைத்ததில் இதயத் துடிப்பு தடுமாறி இறந்தார் என்றது பிரேதப் பரிசோதனை. விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வேறொன்றையும் குறித்துவைத்தது. அவர் உடலில் இருந்தது கைக்குழந்தைக்கான லைஃப் ஜாக்கெட். அதிலும் பாதிதான் காற்று. இன்னொரு பயணியும் அவசரத்தில் குழந்தை ஜாக்கெட்டைத்தான் மாட்டியிருந்தார். ஜாக்கெட் எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று புறப்படுமுன் பயணிகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அது விதி. விமானி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சரியான ஜாக்கெட்டை அவர்கள் எடுத்திருக்கக்கூடும் என்று வாரியம் எழுதியது.

எஞ்சின் நின்றதும் விமானிக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள், சில சமயம் சில நொடிகள். அதற்குள் பயணி புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அவருக்குச் சேர வேண்டிய பாதுகாப்பு, விமானம் தரையில் நிற்கும்போதே சேர்ந்தாக வேண்டும்.

எஞ்சின் நின்றால் விழுமா?

விழாது. சறுக்கிக்கொண்டு இறங்கும். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கு ஏறத்தாழ 125 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்து வைத்தால், 1 அடி கீழே இறங்குவதற்குள் சுமார் 9 அடி முன்னே போகும். 3,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றாலும், காற்று இல்லாத நாளில் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் தூரம் கையில் இருக்கிறது. நேரம் சுமார் 4 நிமிடம்.

அந்த 4 நிமிடத்துக்கு விமானிகளுக்கு ஒரு வரிசை சொல்லித்தருகிறார்கள். முதலில் வேகம்: மூக்கைத் தாழ்த்திச் சறுக்கல் வேகத்துக்கு வர வேண்டும். அடுத்து இடம்: காற்றை எதிர்கொண்டு இறங்கத் தோதான வயலோ வெளியோ. அதன் பிறகுதான் எஞ்சினை மீட்கும் முயற்சி: எரிபொருள் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, பம்ப் ஓடுகிறதா, கலவை சரியா, இக்னிஷன் எதில் இருக்கிறது. பிறகு ரேடியோவில் மூன்று முறை ‘மேடே’ என்ற அபாய அழைப்பு, டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசரக் குறியீடு. எந்த நிலையத்தோடும் தொடர்பில் இல்லாவிட்டால் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசை. எஞ்சின் மீளாது என்று உறுதியானதும் எரிபொருளையும் இக்னிஷனையும் அணைத்து, தரை தொடுமுன் கதவின் தாழை விலக்கிவிட வேண்டும். மோதலில் கதவுச் சட்டம் நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும்.

இதில் சட்டத்தின் துணையும் உண்டு. உடனடி நடவடிக்கை தேவைப்படும் ஆபத்தில், அதற்குத் தேவையான அளவுக்கு எந்தப் பறத்தல் விதியையும் விமானி மீறலாம் என்று அமெரிக்க விதிகளின் 91.3-ஆம் பிரிவு சொல்கிறது. பின்னர் கேட்டால் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், அவ்வளவுதான். ‘மேடே சொன்னால் லைசென்ஸ் போய்விடுமோ’ என்று தயங்கும் புதிய விமானி இழப்பது, தரையிலிருந்து வரக்கூடிய உதவியை.

திரும்பிப் பார்க்காதே

மேலெழுந்த கையோடு எஞ்சின் நின்றால் விமானியின் மனம் பின்னால் இருக்கும் ஓடுபாதையையே நினைக்கும். உயிர்களைக் கொண்டுபோன நினைப்பு அது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பயிற்சிக் கையேடு இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. 300 அடியில் எஞ்சின் நிற்கிறது. விமானி சுதாரிக்க 4 நொடி. நிதானமான வேகத்தில் 180 டிகிரி திரும்ப ஒரு நிமிடம். திரும்பி முடித்தாலும் விமானம் ஓடுபாதைக்கு நேராக இருக்காது, 4,200 அடி பக்கவாட்டில் இருக்கும். ஓடுபாதையை நோக்க இன்னும் 45 டிகிரி. நிமிடத்துக்கு 1,000 அடி வீதம் இறங்கினால் இதற்குள் 1,316 அடி போயிருக்கும். கையில் இருந்ததோ 300.

சீக்கிரம் திரும்பலாமே என்று இறக்கையை அதிகமாகச் சாய்த்தால் வேறு ஆபத்து. 60 டிகிரி சாய்வில், விமானம் தூக்குவிசை இழக்கும் வேகம் 41 சதவீதம் கூடிவிடும். அந்த உயரத்தில் தூக்குவிசை இழந்து ஸ்டால் ஆனால் மீள இடமில்லை. அதனால்தான் பாடம் இப்படி இருக்கிறது: மூக்கைத் தாழ்த்து, முன்னால் தெரிவதில் நல்ல இடத்தைப் பார்த்து இறங்கு. இறங்கும் இடம் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. கட்டுப்பாட்டோடு, முடிந்த அளவு குறைந்த வேகத்தில் தொட வேண்டும். அதே கையேட்டின்படி மணிக்கு 85 மைல் வேகத்தில் மோதுவது, 60 மைலில் மோதுவதைப்போல் இரு மடங்கு ஆபத்தானது. இறக்கையும் சக்கரமும் நொறுங்கினாலும் ஆட்கள் இருக்கும் கூடு நொறுங்காமல் பார்த்துக்கொள் என்பதே அதன் அறிவுரை.

2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் ஃபோர்டு இந்த நெருக்கடியில்தான் சிக்கினார். அவர் ஓட்டியது 1942-ல் செய்த ரயன் ரகப் பயிற்சி விமானம். சாண்டா மோனிகாவில் மேலெழுந்ததும் எஞ்சின் சக்தி இழந்தது. ஓடுபாதைக்குத் திரும்பத் தொடங்கியவர், எட்டாது என்று தெரிந்ததும் அந்த முயற்சியை விட்டுவிட்டு அருகிலிருந்த கோல்ஃப் மைதானத்தை நோக்கிப் போனார். மர உச்சியில் உரசித் தரையில் மோதினார். பலத்த காயத்தோடு பிழைத்தார். கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்துவிடும் ஜெட் திருகு கழன்றதே காரணம் என்று விசாரணை கண்டது. விமானத்தில் தோள் பெல்ட்டைச் சரியாகப் பொருத்தாமல் விட்டதும் காயம் இந்த அளவுக்குக் கடுமையானதற்கு ஒரு காரணம் என்று அறிக்கையில் உண்டு.

பெரும்பாலும் தடுக்கக்கூடியது

தகடு முறிவதும் திருகு கழல்வதும் எவர் கையிலும் இல்லாதவைபோலத் தோன்றும். எரிபொருள் விஷயம் அப்படியில்லை. 2011 முதல் 2015 வரை அமெரிக்காவில் எரிபொருளைக் கவனிக்கத் தவறியதால் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கு மேற்பட்ட சிறு விமான விபத்துகள் நடந்தன என்று அதே பாதுகாப்பு வாரியம் எச்சரித்தது. இருந்த எரிபொருள் முழுவதும் தீர்ந்துபோவது ஒரு வகை. ஒரு தொட்டி காலியாகி, மறு தொட்டியில் எரிபொருள் இருந்தும் அதற்கு மாற்றாமல் விடுவது இன்னொரு வகை. பகலில் கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானம், சேருமிடத்தை அடைந்த பிறகும் 30 நிமிடம் பறக்கும் எரிபொருளோடு கிளம்ப வேண்டும். இரவில் 45 நிமிடம். இது அமெரிக்க விதி.

இன்னொரு எதிரி பனிக்கட்டி. குளிர் நாட்டுச் சங்கதி என்று நினைக்கத் தோன்றும். கார்புரேட்டருக்குள் எரிபொருள் ஆவியாகும்போது வெப்பம் சட்டென்று இறங்குகிறது. ஈரப்பதம் மிகுந்த காற்றாக இருந்தால், வெளியே நாம் வியர்த்துக்கொண்டிருக்கும் நாளிலும் உள்ளே பனி படர்ந்து எஞ்சினை அடைத்துவிடும். சூடான காற்றை உள்ளே விடும் விசை காக்பிட்டிலேயே இருக்கிறது. அதை இழுக்க நினைவு வர வேண்டும்.

தடுக்க முடியாமல் எஞ்சின் நின்றுவிட்டாலும் தப்பிக்க, சில ரகங்களில் விமானத்துக்கே பாராசூட் உண்டு. 2015 ஜனவரியில் ஹவாயை நோக்கி வந்த ஒரு சிர்ரஸ் விமானத்தில் கூடுதல் தொட்டியின் எரிபொருளை எஞ்சினுக்கு மாற்ற முடியாமல் போனது. விமானி ரேடியோவில் தகவல் சொல்லி, பாராசூட்டை இழுத்து, விமானத்தோடு கடலில் இறங்கி, ரப்பர் படகில் ஏறிக்கொண்டார். கடலோரக் காவல்படை விமானம் மேலே வட்டமிட்டுப் படம்பிடித்தது. அந்த வழியே வந்த சொகுசுக் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது.

கீழே இருப்பவர்கள்

எஞ்சின் நின்ற விமானம் ஓசையில்லாமல் வரும். 2017 ஆகஸ்ட் 2 அன்று போர்ச்சுகலின் கோஷ்டா ட காபாரிக்கா கடற்கரையில் கோடை விடுமுறைக் கூட்டம். எஞ்சின் நின்ற செஸ்னா 152 ஒன்று அந்த மணலில் இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். கரையில் இருந்த 56 வயது ஆண் ஒருவரும் 8 வயதுச் சிறுமியும் இறந்தார்கள். இப்படி நேரக்கூடாது என்பதற்காகவே, எஞ்சின் நின்றாலும் கீழே இருப்பவர்களுக்கு வீண் ஆபத்து இல்லாமல் இறங்கக்கூடிய உயரத்தில்தான் பறக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். குடியிருப்புக்கு மேல் தாழப் பறந்து வேடிக்கை காட்டும் விமானத்தைப் பற்றிப் புகார் செய்ய ஊர்க்காரர்களுக்கு முழு உரிமை உண்டு; இந்தியாவில் அதற்குரிய இடம் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.

2025 நவம்பரில் சேலத்திலிருந்து வந்த ஒரு செஸ்னா பயிற்சி விமானம், திருச்சி-புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் நார்த்தாமலை அருகே அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்த இருவருக்கும் ஆபத்தில்லை. இப்படி ஒரு விமானம் நம் ஊரில் இறங்கினால் நாம் என்ன செய்ய வேண்டும்? முதலில் 112-க்குச் சொல்ல வேண்டும். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது. இறக்கைக்குள் எரிபொருள் இருக்கும். நின்றுபோன புரொப்பல்லரையும் தொடக்கூடாது. பாராசூட் உள்ள ரகமென்றால் அதை வெளியே இழுக்கும் ராக்கெட் வெடிக்காமல் உள்ளேயே இருக்கலாம். விமானத்தின் உடலில் ஒட்டிய எச்சரிக்கைப் பட்டை அதைச் சொல்லும். ஆட்களை மீட்கவும் தீயைத் தடுக்கவும் தவிர வேறு எதற்காகவும் எதையும் நகர்த்தக்கூடாது. உடைந்து விழுந்த சிறு துண்டும் விமான விபத்து விசாரணைக் குழுவுக்குத் தடயம்.

பயணி கேட்கலாம், கேட்க வேண்டும்

சுற்றுலா, வாடகை விமானம், ஸ்கைடைவிங், நண்பரின் விமானம் என எதில் ஏறினாலும் முதல் கேள்வி: காசு வாங்கி ஆள் ஏற்ற இவருக்கு அனுமதி இருக்கிறதா? இந்தியாவில் வாடகை விமானத்துக்கு டி.ஜி.சி.ஏ. தரும் தனி பர்மிட் வேண்டும். 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பயணம் செய்த சிறு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. எஞ்சின் நின்ற விபத்து அல்ல அது. ஆனால் அந்த விமானிக்குக் காசு வாங்கிப் பறக்கும் லைசென்சும் இல்லை, இரவில் பறக்கும் தகுதியும் இல்லை. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021-ல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அடுத்தவை இருக்கையில் உட்கார்ந்ததும். தோள் பெல்ட் இருக்கிறதா? அதை ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். கதவை உள்ளிருந்து எப்படித் திறப்பது என்று கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீருக்கு மேல் போவதானால் லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விமானத்துக்குள் இருக்கும்போதே அதில் காற்று நிரப்பக்கூடாது; 1996-ல் கொமொரோஸ் கடலில் விழுந்த எத்தியோப்பியப் பயணிகள் விமானத்தில் அப்படி நிரப்பிக்கொண்டவர்கள் பலர் வெளியேற முடியாமல் மூழ்கினார்கள். இவற்றையெல்லாம் கேட்டதற்கு விமானி முகம் சுளித்தால் இறங்கிவிடுங்கள்.

விபத்துக்குப் பிறகு நிவாரணம் தேடுவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. விசாரணைக் குழுவின் வேலை காரணத்தைக் கண்டுபிடிப்பது. இழப்பீடு வாங்கித் தருவது அதன் வேலை அல்ல. அமெரிக்காவில் வாரியத்தின் இறுதி அறிக்கையை இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாகக் காட்ட முடியாது. 18 ஆண்டுக்கு மேல் பழைய சிறு விமானம் என்றால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுப்பதும் அங்கே கடினம். 1994-ல் வந்த சட்டம் அப்படி. நாடு விட்டு நாடு கட்டணத்துக்கு ஏற்றிச்செல்லும் பயணத்துக்கு, இந்தியா 2009-ல் சேர்ந்த மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். வழக்குப் போட 2 ஆண்டுதான் கெடு. நம் விபத்துக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றிலும் விமானப் பயணம் பற்றி ஒரு விலக்கு விதி இருக்கும். அதன்படி, உரிமம் பெற்ற விமானத்தில் பயணியாகப் போவது மட்டுமே காப்பீட்டில் அடங்கும். பயிற்சி மாணவராகவோ விமானியாகவோ பறப்பது அடங்காமல் போகலாம். விமானப் பயிற்சிப் பள்ளியில் சேரும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கட்டணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். டிக்கெட், ரசீது, பணம் அனுப்பிய விவரம், ஏற்பாட்டாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். ‘நண்பராகத்தான் ஏற்றிப்போனேன்’ என்று நாளை ஒருவர் சொன்னால், காசு வாங்கினார் என்பதற்கு அவைதான் சான்று.