பகல் விளக்கில் கோளாறா? விளக்கைக் கழற்றும் முன் வயரைப் பாருங்கள்!

'காய்கறி ஏற்றும் லோடு வண்டியின் முன்புறம் இரண்டு எல்.இ.டி. பகல் விளக்குகளை நானே மாட்டினேன். ஒன்று பளிச்சென்று எரிகிறது. மற்றது மங்கலாக மினுக்குகிறது. இரவில் அணைக்க மறந்தால் விடியற்காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. விளக்கை மாற்ற வேண்டுமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேறு சிலருக்கும் இதே சந்தேகம் இருப்பதால் விரிவாகவே பார்ப்போம்.

நாமே மாட்டும் விளக்கில் கோளாறு வந்தால், பெரும்பாலும் விளக்கு கெட்டிருக்காது. மின்சாரம் எடுத்த இடம், எர்த் கொடுத்த இடம், பியூஸ் இல்லாத வயர் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் குறை இருக்கும். சோதிக்க ஒரு டெஸ்ட் லேம்ப்பும் சாதாரண மல்டிமீட்டரும் போதும்.

முதலில் விளக்கின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். சிறிய லோடு வண்டி, பிக்கப், டிராக்டர் ஆகியவற்றில் இருப்பது 12 வோல்ட். பெரிய லாரிகளில் 24 வோல்ட். 12 வோல்ட் விளக்கை 24 வோல்ட்டில் கொடுத்தால் கருகிவிடும். வயர் வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு அதைக் கடைசியாக மாட்டுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டாலே தீப்பொறி பறக்கும். மீட்டர் வைத்துப் பார்க்கும்போது மட்டும் இணைப்பு இருந்தால் போதும்.

எரியவே இல்லை என்றால்

பியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், விளக்கை ஆன் செய்துவிட்டு, விளக்குக்கு வரும் பிளஸ் வயரில் டெஸ்ட் லேம்ப்பை வையுங்கள். லேம்ப் எரிந்தால் மின்சாரம் வருகிறது. குறை எர்த்தில் அல்லது விளக்கில் இருக்கிறது. எரியாவிட்டால் வயரைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போய் ஒவ்வொரு இணைப்பிலும் வைத்துப் பாருங்கள். பிளஸ், மைனஸ் மாறியிருந்தாலும் எல்.இ.டி. எரியாது. பழைய குண்டு பல்புக்கு அந்த வேறுபாடு கிடையாது என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஒரு பக்கம் மங்கல், மினுக்கல்

வாசகர் சொன்ன முதல் குறை இது. பெயின்ட் அடித்த இடத்திலோ துருப்பிடித்த போல்ட்டிலோ எர்த் வயரை முடுக்கியிருந்தால் இப்படித்தான் எரியும். சொட்டுநீர்க் குழாயில் நடுவே அடைப்பு இருந்தால் கடைசி செடிக்கு அழுத்தம் குறைகிறதல்லவா, அதேபோல்தான்.

என்ஜின் ஓடும்போது விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும், இன்னொன்றை விளக்கின் எர்த் வயர் முனையிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அந்த இடத்தை உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, வயருக்கு வளைய முனை போட்டு முடுக்குங்கள். மேலே சிறிது கிரீஸ் தடவினால் மழையில் துருப்பிடிக்காது. வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை உடனே மாற்றுங்கள். சேற்றுத் தண்ணீர் பட்டால் அவை நாளடைவில் பச்சை பூத்துவிடும்.

பேட்டரி இறங்குவது ஏன்?

பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து, ஸ்விட்ச் மட்டும் வைத்திருந்தால், சாவியை எடுத்தாலும் விளக்கு எரியும். கணக்கு எளிது: வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். இரண்டு விளக்கும் சேர்ந்து 24 வாட் என்றால் 2 ஆம்பியர். இரவு 10 மணி நேரம் எரிந்தால் 20 ஆம்பியர்-மணி போய்விடும். 50 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது கிட்டத்தட்ட பாதி. பழைய பேட்டரி இதைத் தாங்காது. பறித்த காய் வண்டியில் இருக்க, சந்தை நேரத்தில் வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய விலை போனதுதான்.

இதற்கு ரிலே வைக்க வேண்டும். மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனின் சிறு மின்சாரம் காயிலை இழுத்து, பெரிய மின்சாரத்தை மோட்டாருக்கு அனுப்புகிறது. இங்கும் அதே வேலைதான். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30-க்கு பேட்டரி பிளஸ், பியூஸ் வழியாக. 87-லிருந்து விளக்குக்கு. 86-க்கு சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயர். 85-க்கு எர்த். சாவி போட்டால் விளக்கு அணைந்து, எடுத்தால் எரிகிறதா? ஐந்து கால் ரிலேயில் 87-க்குப் பதிலாக 87ஏ-வில் கொடுத்திருக்கிறீர்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் வயர்கள் பல கம்ப்யூட்டர் பெட்டியோடு இணைந்தவை. அவற்றைக் கீறி இணைக்காதீர்கள். சாவி வயரை மட்டும் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

பகலில் பின் விளக்கும் எரிகிறதா?

சில பகல் விளக்குகளில், பார்க்கிங் விளக்கு போட்டதும் மங்குவதற்காக மூன்றாவது வயர் இருக்கும். அதன் வழியாக மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்தால் பின் விளக்கும் மீட்டர் போர்டும் எரியும். போர்வெல் குழாயில் தண்ணீர் திரும்பாமலிருக்க நான்-ரிட்டர்ன் வால்வு போடுவதுபோல், அந்த வயரில் ஒரு டயோடு போட்டால் நின்றுவிடும்.

பியூஸ் அடிக்கடி போகிறதா?

எங்கோ வயர் தோல் உரிந்து இரும்பில் உரசுகிறது. பம்பர் ஓரம், ரேடியேட்டர் அருகே, போல்ட் முனை ஆகிய இடங்களைப் பாருங்கள். அதை விட்டுவிட்டுப் பெரிய பியூஸ் போடுவதோ, செம்புக்கம்பி, சிகரெட் தாள் சுற்றுவதோ கூடவே கூடாது. பியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. பியூஸ் உருகாவிட்டால் வயர் உருகும். வைக்கோலும் சாக்கும் ஏற்றிய வண்டியில் அது எங்கே போய் முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2 ஆம்பியர் எடுக்கும் விளக்குகளுக்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். அதைப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். பியூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பு கிடையாது. வயர் முழுவதையும் நெளிகுழாய்க்குள் விட்டு, புகைபோக்கிக் குழாயிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

மறக்கக் கூடாதது

பகல் விளக்கு நம்மை மற்றவர் பார்ப்பதற்கு. நாம் சாலையைப் பார்ப்பதற்கு அல்ல. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் வந்த புதிய இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரிவதும் இதே நோக்கத்தில்தான். ஆனால் பகல் விளக்கு எரியும்போது வண்டியின் பின்புறம் இருட்டாகவே இருக்கும். மார்கழிப் பனியிலும் அந்தி நேரத்திலும், முன்னால் வெளிச்சம் தெரிகிறதே என்று அதை மட்டும் நம்பி ஓட்டினால், பின்னால் வருபவருக்கு லோடு வண்டி தெரியாது. இருட்டத் தொடங்கியதும் ஹெட்லைட்டைப் போடுங்கள். பின் விளக்கும் சேர்ந்து எரியும். முன்புறம் வெள்ளை நிறம் மட்டும் போதும். சிவப்பு, நீலம், மினுக்கும் விளக்குகள் வேண்டாம்.

வாசகருக்கு நேரடிப் பதில்: விளக்கை மாற்ற வேண்டாம். மங்கலாக எரியும் பக்கத்தில் எர்த்தைத் தேய்த்து முடுக்குங்கள். சாவியோடு இணைத்து ஒரு ரிலே வையுங்கள். பேட்டரி அருகே பியூஸ் போடுங்கள். இவற்றைச் செய்தும் மினுக்கினால், இரண்டு விளக்குகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். மினுக்கலும் விளக்கோடு அடுத்த பக்கம் போனால் மட்டும் புதிது வாங்குங்கள்.