பசையும் ஆணியும் வேண்டாத நாற்காலி

டென்மார்க் என்றவுடன் தமிழர்க்குத் தரங்கம்பாடியும், அங்கே 1620-இல் எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டையும், 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் நினைவுக்கு வருவார்களேயன்றி, அந்தச் சிறு தேசத்தார் சென்ற நூற்றாண்டின் மத்தியில் உலகம் முழுவதும் கீர்த்தி பெற்றது தங்கள் தச்சர்கள் செய்த நாற்காலிகளைக் கொண்டுதான் என்பது நம்மில் அநேகருக்கு எட்டாத செய்தி. 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறிய அவர்கள், எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, ஒரு காசும் செலவழியாமல், இந்தியாவிலிருந்து ஒரு நாற்காலியின் யுக்தியை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டவர் காரே கிளிண்ட். எடுத்துக்கொண்டதைக் குறைகூறும் நோக்கம் எனக்கு இல்லை. எடுத்ததை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதிலேதான் என் கவனம் முழுவதும் செல்கிறது.

கிளிண்ட் 1888-இல் பிறந்து 1954-இல் மறைந்தவர். தந்தையார் கட்டடச் சிற்பி. கோபன்ஹேகனில் அவர் தொடங்கிய குருண்ட்விக் தேவாலயத்தை, அவர் காலமானபின் 1940-இல் பூர்த்தி செய்துவைத்தவர் மகனே. ஆனால் மகனுடைய பெயர் நிலைத்தது 1924 முதல் ராஜாங்கக் கலைக்கழகத்தின் மரச்சாமான் பிரிவில் அவர் ஆற்றிய ஆசிரியப் பணியினால். அந்தக் காலத்தில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்த நவீனர்கள் பழையது அனைத்தையும் குப்பையில் எறிந்துவிட்டு இரும்புக் குழாயை வளைத்து ஆசனம் செய்யப் புறப்பட்டிருக்க, கிளிண்டோ தம் மாணாக்கர்களின் கையில் அளவுகோலைக் கொடுத்து, பழைய நாற்காலிகளை அங்குலம் அங்குலமாக அளந்து சித்திரம் வரையச் சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தச்சரின் நாற்காலி ஏன் இன்றும் முதுகுக்கு இதமாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அந்த நாற்காலியிலேயே இருக்கிறது, வேறெங்கும் தேட வேண்டியதில்லை என்பது அவருடைய சித்தாந்தம். 1927-இல் கோபன்ஹேகன் அலங்காரக் கலை அருங்காட்சியகத்துக்கென அவர் அமைத்த 'சிவப்பு நாற்காலி' அத்தகைய ஆங்கில நாற்காலியொன்றின் பூவேலைகளையெல்லாம் களைந்துவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் எஞ்ச வைத்ததேயாகும்.

அளப்பது அவருக்கு ஒரு விரதம்போல. மனித சரீரத்தின் அவயவங்களை அளந்தார். அலமாரி செய்யுமுன் அதனுள் புக வேண்டிய தட்டு, கரண்டி, கோப்பை, மடித்த சட்டை ஆகியவற்றை அளந்தார். பிறகுதான் பெட்டியின் நீள அகலம் தீர்மானமாயிற்று. ஆகவே மற்றவர்களுடைய அலமாரியில் கொள்ளாத சாமான், அதே பரிமாணமுள்ள அவருடைய அலமாரியில் அடங்கிற்று. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மும்பையின் மான்குர்த்தில், பத்தடி அகலமுள்ள அறையில் நால்வரோடு குடித்தனம் நடத்தும் எந்த இல்லத்தரசியையும் கேளுங்கள். எவர்சில்வர் டப்பா எத்தனை, அவற்றின் உயரம் என்ன என்று கணக்கிட்டுச் சொல்லிவிட்டுத்தான் அவர் தச்சரிடம் பலகைக்கு அளவு கொடுப்பார். வறுமையிலும் இடநெருக்கடியிலும் நம்மவர் நிர்ப்பந்தத்தால் கற்றதைக் கிளிண்ட் கலைக்கழகத்தில் பாடமாக வைத்தார் என்பதே வித்தியாசம்.

இனி, கிளிண்ட் எடுத்துக்கொண்ட நாற்காலியின் பிறப்பிடமான ரூர்க்கிக்கு வருவோம். ஹரித்துவாரத்துக்கு அருகிலுள்ள அவ்வூர் வங்காளப் பொறியியல் படையின் தலைமை ஸ்தானம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே உருவாகி, ஊர்ப்பெயராலேயே 'ரூர்க்கி நாற்காலி' என வழங்கப்பெற்ற ஆசனமொன்று ராணுவ அதிகாரிகளிடையே பரவிற்று. அதுவரை வெள்ளைக்கார அதிகாரி முகாமுக்குப் புறப்பட்டால், கனத்த மேஜையும் கட்டிலும் பீரோவும் மாட்டின்மீதும் ஒட்டகத்தின்மீதும் பின்தொடரும். 1899-இல் மூண்ட போயர் யுத்தத்தில் இந்த வைபவமெல்லாம் செல்லவில்லை. குதிரைமீது பாய்ந்து வந்து சுட்டுவிட்டு மறையும் எதிரியைத் துரத்தும் சேனைக்கு, கழற்றினால் ஒரு கட்டுக் கழியும் சிறிது கித்தானுமாகச் சுருண்டுவிடும் நாற்காலியே ஏற்றதாயிற்று. இவ்வகைப் பிரயாணச் சாமான்களை விற்ற ஆர்மி அண்டு நேவி ஸ்டோர்ஸின் பம்பாய்க் கிளைக் கட்டடம் இன்றும் காலா கோடாவில் நிற்கிறது. வேறு சரக்கு விற்கிறார்கள்.

ராணுவத்தோடு இந்த நாற்காலி ஆப்பிரிக்கா போய், அங்கே வேட்டைக்காரர்களின் கூடாரங்களில் குடியேறியது. ஓர் ஆப்பிரிக்கப் பிரயாணத்தின் புகைப்படத்தில் கிளிண்ட் அதைக் கண்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. 1933-இல் அவர் வரைந்த 'சஃபாரி நாற்காலி'யை கோபன்ஹேகனின் ரூட் ராஸ்முஸன் பட்டறையார் சாம்பல் மரம் எனப்படும் ஆஷ் மரத்தில் கடைந்து விற்றார்கள். இன்றளவும் அது விற்பனையில் இருக்கிறது.

இப்போது ரூர்க்கி நாற்காலியைப் பிரித்துப் பார்ப்போம். கடைந்த கால்கள் நான்கு. முன்கால்கள் இரண்டையும் இணைக்க ஒரு சட்டம், பின்கால்களை இணைக்க ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. ஆகச் சட்டங்கள் நான்கு. ஒவ்வொரு சட்டத்தின் இரு நுனியிலும் கழுந்து உண்டு. காலில் அதற்குத் துளை உண்டு. சாதாரண நாற்காலியில் கழுந்து சதுரமாகவோ நேர் உருளையாகவோ இருக்கும், இதிலோ அது நுனிக்குச் செல்லச் செல்லச் சிறுத்துக் கூம்பாக இருக்கும், துளையும் அப்படியே. இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவே தொட்டில்போல் கித்தான் தொங்கும், அதுவே இருக்கை. முதுகுக்கு இரண்டு கழிகளுக்கிடையே இன்னொரு கித்தான். அந்தக் கழிகள் பின்கால்களில் ஒரு போல்ட்டில் மட்டும் மாட்டப்பட்டிருப்பதால், சாய்பவரின் முதுகு எந்தக் கோணத்தில் சாய்கிறதோ அந்தக் கோணத்துக்குத் தாமே திரும்பிக்கொள்ளும். முன்காலின் தலையிலிருந்து பின்காலின் தலைக்கு ஒரு தோல்வார். கை வைப்பதற்கு அதுதான். பசை இல்லை, ஆணி இல்லை.

அப்படியானால் ஏன் உட்கார்ந்தவர் தரையில் விழுவதில்லை? விழாமைக்குக் காரணம் உட்கார்ந்தவரே. அவருடைய பாரம் கித்தானைக் கீழே இழுக்கிறது; கித்தான் தன் இருபுறமும் உள்ள பக்கச் சட்டங்களை உள்நோக்கி இழுக்கிறது; சட்டங்களோடு கால்களும் உள்நோக்கி வருகின்றன; வரும் கால்கள் முன்சட்டம், பின்சட்டம் ஆகியவற்றின் கூம்புக் கழுந்துகளின்மேல் ஏறி அழுந்துகின்றன. முதுகைச் சாய்த்தால் பின்கால்களின் தலை பின்னே போகப் பார்க்கும்; உடனே தோல்வார் விறைத்து முன்கால்களை இழுத்துப் பிடிக்கும். மண்ணில் ஓங்கி ஓங்கிப் போடப் போட பிக்காசின் காம்பு அதன் கண்ணில் இறுகுவதைக் கண்டவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதன்று.

பசையிட்ட நாற்காலியின் சங்கடம் வேறு. மரம் ஈரத்தில் பருக்கும், வறட்சியில் சுருங்கும். அதுவும் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாமல், குறுக்குவாக்கில் மட்டும் மாறும். கழுந்தின் குறுக்குவாக்கும் காலின் நீளவாக்கும் ஒரே மூட்டில் சந்திக்கின்றன. ஒன்று அசையும்போது மற்றது அசையாது. ஆடி மாதத்து மும்பைக் காற்றில் பருத்த கழுந்து மார்கழி வறட்சியில் இளைக்கும். இப்படிச் சில வருஷம் நடந்தால் இடையே இருக்கும் பசை நொறுங்கி, நாற்காலி முனகத் தொடங்கும். ரூர்க்கி நாற்காலியில் மரம் இளைத்தால் கூம்பு இன்னும் நூலளவு உள்ளே போகும், அவ்வளவுதான். தேய்ந்தாலும் அதே கதை.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. மூன்று கால் உள்ள முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நாலாவது கால் வந்ததும் தகராறும் வந்துவிடுகிறது, ஏனெனில் மூன்று புள்ளிகளே ஒரு தளத்தைத் தீர்மானித்துவிடும். ரூர்க்கி நாற்காலியின் மூட்டுகள் சற்று முறுக்கிக் கொடுப்பதால், மேடுபள்ளமான தரையில் வைத்து உட்கார்ந்தவுடன் நான்கு காலும் தத்தமக்குரிய பள்ளத்தைத் தேடி ஊன்றிக்கொள்கின்றன.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஆள் இல்லாதபோது ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்கினால் கால் மட்டும் கையோடு வரும். ஆசனம் தாழ்வு, முழங்கால் வலியுள்ளவர் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் தேவை.

மான்குர்த்தின் மண்டாலா பகுதியில் பங்கார் எனப்படும் பழைய சாமான் கிடங்குகள் வரிசையாக இருப்பதை இணைப்புச் சாலையில் போகிறவர்கள் கண்டிருப்பார்கள். மும்பை நகரமெங்கும் கழித்த நாற்காலிகளும் சோபாக்களும் அங்கே வந்து குவிகின்றன. பையன்கள் சுத்தியலால் உடைத்து மரம் வேறு, இரும்பு வேறு, பஞ்சு வேறாகப் பிரிக்கிறார்கள். ஒட்டுப்பலகையும் பசையும் ஆணியுமாகச் செய்த சோபா, பிரியும்போது எந்தப் பகுதியும் முழுதாகப் பிரியாமல் சிதறுவதை அங்கே நின்றால் பார்க்கலாம். அக்கிடங்குகளில் பொறுக்கிய பழந்தேக்கு மேஜைக் கால்களைக் கொண்டு, திருநெல்வேலிப் பக்கத்து ஆசாரி ஒருவரிடம் நான் ஒரு ரூர்க்கி நாற்காலி செய்யச் சொன்னேன். படத்தை நெடுநேரம் பார்த்தவர், "வச்சிரம் போடாண்டாமா அண்ணாச்சி?" என்று இரண்டு முறை கேட்டார். பசை வேண்டாம் என்றதும் முகம் சற்றுக் கோணிற்று. பிறகு வேலையில் இறங்கினார்.

கடைசல் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. கூம்பைப் பொருத்துவதில்தான் நேரம் சென்றது. கழுந்தின்மேல் பென்சிலால் கருப்பாகத் தீட்டி, துளைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே எடுப்பார். துளையின் சுவரில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் மரம் மரத்தைத் தொடுகிறது என்று பொருள். அந்த இடத்தை மயிரிழை சுரண்டி, மறுபடி தீட்டி, மறுபடி சுற்றுவார். துளை முழுவதும் சீராகக் கறுக்கும்வரை இது நடந்தது. எட்டு மூட்டுக்கும் இதே பாடு. ஒரே காலில் முன்சட்டத்தின் துளையும் பக்கச் சட்டத்தின் துளையும் உள்ளே முட்டிக்கொள்ளாதிருக்க, ஒன்றைச் சற்று மேலாகவும் மற்றதைச் சற்றுக் கீழாகவும் வைக்க வேண்டும் என்பதை நான் சொல்லுமுன்னரே அவர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு துளையும் ஒரே உயரத்தில் குடைந்தால் அந்தக் காலில் மரமே மிஞ்சாதே என்றார்.

இதைப் பார்த்த பிறகு கிளிண்டின் மேல் எனக்கு மதிப்பு கூடிற்று. மூட்டைச் சலனமின்றிக் கட்டிப்போடுவதே தச்சுத் தொழிலின் தர்மம் என்று நம்பிவந்த ஐரோப்பியக் கலைக்கழகத்தில் அமர்ந்து, அசைய விட்டால்தான் மூட்டு நிலைக்கும் என்ற ராணுவ யுக்தியை ஒரு புகைப்படத்திலிருந்து அறிந்து, அதில் கைவைக்காமல் விட்டது பெரிய விவேகம். கால்களின் பருமனை ஒழுங்குபடுத்தினார்; தோல்வாருக்கும் பக்கிள்களுக்கும் ஓர் அடக்கமான அழகைக் கொடுத்தார்; விரும்புவோர்க்கு ஒரு மெத்தையும் வைத்தார். மூலத்தத்துவத்தை அப்படியே விட்டார். வேறொருவராயிருந்தால் தம் கைவண்ணத்தைக் காட்டுவதற்காகவே எதையாவது மாற்றிக் கெடுத்திருப்பார். ஆயினும் வெளிநாட்டுப் பட்டியல்களில் அந்த ஆசனம் கிளிண்டின் சிருஷ்டியாக மட்டும் அச்சாகும்போது, பக்கத்தில் ரூர்க்கி என்று ஒரு சொல் சேர்த்தால் அவருடைய கீர்த்தி ஒரு இம்மியும் குறைந்துவிடாது என்பது என் அபிப்பிராயம். பழையதை அளந்து திருத்துவதே தம் தொழில் என்று ஒளிவுமறைவின்றிப் போதித்தவர் அவர்.

அவருடைய சிஷ்ய பரம்பரையையே பின்னாளில் 'டேனிஷ்' என்று உலகம் கொண்டாடியது. ஓலே வான்ஷர் அவருக்குப் பின் அந்த ஆசிரியப் பீடத்தில் அமர்ந்தார். ஹான்ஸ் வெக்னர் நேர் மாணாக்கர் அல்லர். கிளிண்டின் சீடரிடம் பயின்றவர். செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து ஐந்நூறுக்கு மேற்பட்ட நாற்காலிகளை வரைந்தவர். 1949-இல் அவர் செய்த வட்ட நாற்காலியில்தான், 1960-இல் தொலைக்காட்சி விவாதத்தின்போது கென்னடி அமர்ந்திருந்தார். அமெரிக்கர் அதை வெறுமனே 'நாற்காலி' என்றே அழைத்தார்கள். இவர்களில் பலர் விரும்பிக் கையாண்ட தேக்கு ஐரோப்பாவில் விளைவதன்று. தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து போனது. சயாம் தேக்கு வியாபாரத்தில் வேரூன்றிய டேனிஷ் கம்பெனியான கிழக்காசியக் கம்பெனி 1897-இலேயே தோன்றிவிட்டது. அதற்கு முன்பே, 1863-இல், பர்மாத் தேக்குக்கென பம்பாயில் ஒரு கம்பெனி ஏற்பட்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லலாம்.

ஆனால் கிளிண்டின் போதனையை மக்களிடம் கொண்டுசேர்த்தவர் போர்கே மொகென்ஸன். 1942 முதல் டென்மார்க் கூட்டுறவுப் பண்டகசாலைகளின் மரச்சாமான் பிரிவை நடத்திய அவர், 1947-இல் சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் 'ஜே 39' என்ற எளிய நாற்காலியைச் செய்து தந்தார். காகிதக் கயிற்றில் பின்னிய இருக்கை, நேரான கால்கள், ஆடம்பரம் என்பது மருந்துக்கும் இல்லை. 1958-இல் அவர் அமைத்த 'ஸ்பானிஷ் நாற்காலி' வேறு தினுசு. ஓக் மரச் சட்டத்தில் தடித்த தோலை இழுத்துக் கட்டியது; உட்கார்ந்து உட்கார்ந்து தோல் தொய்ந்துவிடும் என்பதை முன்னறிந்து, அடியிலும் முதுகுப்புறத்திலும் பக்கிள் வைத்தார். தொய்வு கண்டவுடன் பக்கிளை ஒரு துளை முன்னே தள்ளிக் கட்டினால், தோல் மறுபடி விறைத்துக்கொள்ளும். மான்குர்த்து நாற்காலியின் கித்தானுக்கும் நான் அதே ஏற்பாட்டைச் செய்யச் சொல்லியிருந்தேன். முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒரு துளை தள்ள வேண்டியதாயிற்று.