முற்றத்தில் கேட்கும் கேள்வி

கலிஃபோர்னியா அரசுச் சிறைக்குப் புதிதாக வருகிறவனை, அதிகாரிகள் விசாரித்து முடித்த பிறகு, முற்றத்தில் கைதிகள் மறுபடி விசாரிப்பார்கள். எந்த ஊர்? யாரோடு சேர்ந்தவன்? என்ன வழக்கு? வாயால் சொன்னால் போதாது. வழக்குக் காகிதத்தைக் காட்ட வேண்டும். குழந்தையைச் சீரழித்தவனா, போலீசுக்குக் காட்டிக்கொடுத்தவனா என்பது அதில் தெரிந்துவிடும். தேறினால் அவனுக்கு ஒரு ‘கார்’ உண்டு. ஓட்டுகிற கார் அல்ல. ஒரே இனம், ஒரே ஊர் என்று சேர்ந்து நிற்கும் கூட்டத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. நியூ ஜெர்சி சிறை ஒன்றை ஆராய்ந்து கிரெஷாம் சைக்ஸ் 1958-ல் எழுதிய காலத்தில், கைதிகளுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. காட்டிக்கொடுக்காதே, சக கைதியிடம் திருடாதே, கடனைத் திருப்பிக் கொடு, அடுத்தவன் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே. எல்லாம் தெரிந்த முகங்களாக இருக்கும்வரை இது போதும். ஏமாற்றியவன் பெயர் பொழுது சாய்வதற்குள் பரவிவிடும்.

1970-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியச் சிறைகளில் சுமார் 20,000 பேர் இருந்தார்கள். 2006-ல் 1,70,000-க்கும் மேல். இத்தனை புது முகங்களில் யார் நாணயஸ்தன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் கும்பல்கள் காலூன்றின என்கிறார் பொருளியலாளர் டேவிட் ஸ்கார்பெக். ‘மெக்சிகன் மாஃபியா’ 1957-லேயே முளைத்துவிட்டது. ஆனால் கூட்டம் பெருகிய பிறகுதான் கும்பல்கள் சிறையையே ஆளும் அளவுக்கு வளர்ந்தன.

எப்படி ஆள்கின்றன? ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சிறைகள் பலவற்றில் அது சில்லறைக் காசு மாதிரி. ஒன்று கடன் வாங்கினால் இரண்டாகத் திருப்புவது வழக்கமான வட்டி. (நம் ஊர்க் கந்துவட்டிக்காரரே வாயைப் பிளப்பார்.) வாங்கியவன் கொடுக்கவில்லை, அவன் வேறு இனம். கடன் கொடுத்தவன் நேரே போய் அடித்தால் அது இனச் சண்டையாகிவிடும், எல்லோரையும் அறைக்குள் பூட்டிவிடுவார்கள், எல்லார் வியாபாரமும் படுத்துவிடும். அதனால் கடன் வாங்கியவனுடைய கும்பல் தலைவனிடம் முறையிடுவான். அந்த ‘ஷாட்காலர்’ கடனை அடைக்க வைப்பான்; முடியாவிட்டால் தன் ஆளைத் தன் ஆட்களை விட்டே உதைப்பான். கிராமத்தில் ‘யார் வீட்டுப் பையன்?’ என்று கேட்டு ஜாமீன் பிடிப்பதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

தோல் நிறம் அங்கே இத்தனை கறாராகப் பார்க்கப்படுவதற்கு வெறுப்பு மட்டும் காரணமில்லை என்கிறார் ஸ்கார்பெக். தூரத்திலிருந்தே தெரியும், மாற்றிக்கொள்ளவும் முடியாது. யார் பொறுப்பு என்று உடனே சொல்லிவிடும் அடையாளம் அது. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். கணக்குக்காகப் போட்ட கோடு, போகப்போக நிஜமான பகையாகவும் ஊறிவிடாதா?

அதே மாநிலத்தின் பெண்கள் சிறைகளில் ஆட்கள் மிகக் குறைவு. அங்கே இப்படிப்பட்ட கும்பலாட்சி இல்லை. மூத்த கைதியை ‘அம்மா’ என்று முறை வைத்துக் கூப்பிடும் சின்னச் சின்னக் குடும்பங்கள்தான் உண்டு.