முதல் பட்டனைத் தமிழில் வையுங்கள்

கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடும் பேருந்துகளில் சில யோங் பெங்கில் சற்று நேரம் நின்று போகும். பயணிகள் இறங்குவார்கள், மீன் உருண்டை சூப்புக்குச் சொல்வார்கள், கைப்பேசியைத் திறப்பார்கள். இங்குள்ள உணவுக்கடையோ, கோயில் நிர்வாகமோ, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஓர் அகப்பக்கம் வைத்திருந்தால், அந்தச் சிறிய திரையில், அந்தச் சொற்ப நேரத்தில், விரல் பட்டதும் அது வேலை செய்ய வேண்டும்.

“அண்ணே, எந்த காம்பொனென்ட் லைப்ரரியை முதலில் படிக்கலாம்?” புதிதாக இத்தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் கேட்கும் கேள்வி இது. பட்டன், படிவக் கட்டம், மெனு, நாள்காட்டி, எச்சரிக்கைப் பெட்டி என்று ஒரு பக்கத்துக்குத் தேவையான உறுப்புகளை ஏற்கெனவே செய்து, சோதித்து, அடுக்கி வைத்திருக்கும் தொகுப்புதான் காம்பொனென்ட் லைப்ரரி. பக்கத்தில் ஆயர் ஈத்தாமுக்குப் போய் பீங்கான் தொட்டி வாங்கி வந்து துளசி வைக்கிறோம். யாரும் வீட்டில் மண் பிசைவதில்லை. இதுவும் அப்படித்தான்.

அழகுக்காக மட்டும் இதைத் தேடுகிறவர்கள் பாதிப் பயனை விட்டுவிடுகிறார்கள். திருமண மண்டப முன்பதிவுக்கு ஒரு நாள்காட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கட்டங்களை வரைவது எளிது. ஆனால் அம்புக்குறி விசையால் ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்கு நகர வேண்டும், எஸ்கேப் விசையைத் தட்டினால் மூட வேண்டும், பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் தேதியைச் சரியாகச் சொல்ல வேண்டும். இத்தனையையும் தனியாள் எழுதி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். நல்ல லைப்ரரியில் இவை முன்பே யோசித்துச் செய்யப்பட்டிருக்கும். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

தொடங்குவதற்கு நான் கைகாட்டுவது பூட்ஸ்ட்ராப். டுவிட்டர் நிறுவனத்தில் மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் உருவாக்கி, 2011 ஆகஸ்ட் 19 அன்று பொதுவில் விட்டார்கள். எதையும் நிறுவத் தேவையில்லை. எச்டிஎம்எல் கோப்பின் தலைப்பகுதியில் ஸ்டைலுக்கு ஒரு வரி, கடைசியில் ஸ்கிரிப்டுக்கு ஒரு வரி, அவ்வளவுதான். பக்கத்தை 12 பத்திகளாகப் பிரித்துப் பார்க்கும் அதன் முறை ஒரு மாலைப் பொழுதில் பிடிபட்டுவிடும். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியைச் சார்ந்த லைப்ரரிகளுக்கு நோட் ஜேஎஸ் நிறுவி, என்பிஎம் வழியாக அவற்றை இறக்க வேண்டும். அதற்குமுன், வெறும் எச்டிஎம்எல்லில் ஒரு படிவத்தை எழுதிப் பழகியிருந்தால் பின்னால் தடுமாற்றம் குறையும்.

சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனமும் கிரேயான்ஸ் என்ற லைப்ரரியைத் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறது. அதை வெப் காம்பொனென்ட் முறையில் கட்டியிருப்பதால் ரியாக்டோ வ்யூவோ எதனோடும் சேரும். நிரல் படிக்க விரும்புகிறவர்கள் அதைத் திறந்து பார்க்கலாம்.

இரவல் நிரல் என்பதால் ஒரு கண் அதன்மேல் இருக்க வேண்டும். 2018 டிசம்பர் 25 அன்று, சீனாவின் ஆன்ட் டிசைன் லைப்ரரியைப் பயன்படுத்திய தளங்களில் பட்டன்கள்மேல் திடீரென்று பனி படிந்திருந்தது. தயாரித்தவர்கள் கிறிஸ்துமஸ் விளையாட்டாக மாதங்களுக்கு முன்பே உள்ளே ஒளித்து வைத்தது. தளத்தை நடத்தியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. விளக்கம் கேட்ட வாடிக்கையாளருக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறோம் என்பதைக் குறித்து வையுங்கள், புதிய பதிப்புக்கு மாறும்போது மாற்றக் குறிப்பைப் படியுங்கள்.

இனி நம் மொழிக்கு வருவோம். பெரும்பாலான லைப்ரரிகளை ரோமன் எழுத்தை மனத்தில் வைத்தே அளந்திருக்கிறார்கள். எம்யூஐ என்ற லைப்ரரியில் ஒரே வரிசையில் மலாயிலும் தமிழிலும் பட்டன் வைத்துப் பாருங்கள். ரோமன் எழுத்தில் உள்ள ‘ஹந்தார்’ என்பதை அது தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். ‘அனுப்பு’ அப்படியே நிற்கும். தமிழில் பெரிய எழுத்து ஏது? வரிசை ஏற்றத்தாழ்வாகத் தெரியும். அந்த ஏற்பாட்டை நாமே நிறுத்த வேண்டும். அதே லைப்ரரியின் சிப் என்ற சிறு வில்லையில் இடம் போதாவிட்டால் ‘சமர்ப்பிக்கவும்’ பாதியில் அறுந்து மூன்று புள்ளியாகிவிடும். பூட்ஸ்ட்ராப்பின் பேட்ஜ் என்ற சிறு அடையாளச் சீட்டில் வரி உயரம் 1 மட்டுமே. ‘வீ’யின் கொக்கியும் ‘ழூ’வின் வாலும் அதற்குள் மூச்சு முட்டும். 1.5 என்று மாற்றினால் பார்வைக்கு நிம்மதி.

மலேசிய அரசாங்கமும் தன் தளங்களுக்காக எம்ஒய்டிஎஸ் என்ற வடிவமைப்பு முறையைத் திறந்த மூலமாகத் தந்திருக்கிறது. கணினிக்கு 12, டேப்லெட்டுக்கு 8, கைப்பேசிக்கு 4 பத்திகள் என்ற தெளிவான ஏற்பாடு. உள்ளூர்த் தளம் செய்கிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது. தலைப்புக்குப் பாப்பின்ஸ், உரைக்கு இன்டர் என இரண்டு எழுத்துருக்கள். இரண்டிலும் தமிழ் இல்லை. ஆகவே தமிழ் உரை வந்தால் கருவி தன்னிடம் உள்ளதை எடுத்துக்கொள்ளும். ஐபோனில் அது நம் நாட்டு முத்து நெடுமாறன் வடித்த தமிழ் சங்கம் எம்என், விண்டோசில் நிர்மலா யுஐ. ஒவ்வொன்றுக்கும் உயரமும் அகலமும் வேறு. உங்கள் திரையில் கச்சிதமாக இருந்த பட்டன் வாடிக்கையாளர் கையில் இரண்டு வரியாகிவிடலாம்.

இதைத் தவிர்க்க, நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதைப் பக்கத்தோடு சேர்த்து, எழுத்துருப் பட்டியலில் எழுதி, பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறியுங்கள். பிறகு ஒரே ஒரு பட்டன். அதில் ‘பதிவை உறுதிப்படுத்தவும்’ என்று எழுதி, அம்மாவின் பழைய கைப்பேசியில் திறந்து, அவரையே அழுத்தச் சொல்லுங்கள்.