நின்று பார்க்கும் ஒரு நிமிடம்

2020ஆம் ஆண்டு. கொரோனா ஊரடங்கில் நாடே முடங்கிக் கிடந்த நேரம். சிவகங்கை மாவட்டத்தில் உள்ள பொத்தகுடி கிராமத்தில், தெருவிளக்குகளுக்கான ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி வந்து வந்து போவதை, அன்றாடம் விளக்குப் போடும் இளைஞர் கவனித்தார். எட்டிப் பார்த்தால், உள்ளே கூடு. சில நாளில் அதில் முட்டைகளும் சேர்ந்தன. மாலையில் ஸ்விட்சைப் போட வேண்டுமென்றால் கூட்டைக் கலைத்தாக வேண்டும். கூட்டை விட்டுவைத்தால் ஊர் இருட்டில் கிடக்க வேண்டும்.

அவர் கூட்டைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பேச்சு கிளம்பியது. ஒரு குருவிக்காக ஊரையே இருட்டில் வைப்பதா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கடைசியில் முடிவு குருவியின் பக்கம் சாய்ந்தது. முட்டை பொரிந்து குஞ்சுகள் பறந்து போகும்வரை தெருவிளக்கு வேண்டாம் என்று ஊர் ஒப்புக்கொண்டது. சுமார் நூறு வீடுகள் உள்ள அந்த ஊரில் 35 நாளுக்கு மேல் தெருவிளக்கு எரியவில்லை. இரவில் வெளியே போனவர்கள் டார்ச்சையும் செல்போன் வெளிச்சத்தையும் வைத்துச் சமாளித்தார்கள்.

செய்தி வெளியானதும் நாடெங்கும் பொத்தகுடியின் இரக்கத்தைப் பாராட்டினார்கள். அந்த இரக்கத்துக்கு முன்னால் நடந்த ஒன்றும் அதே அளவு பாராட்டத் தக்கது. தினமும் போய் ஸ்விட்சைத் தட்டிவிட்டு வருகிற ஒரு வேலையின் நடுவே, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவர் நின்று பார்த்தார். அந்தப் பார்வை இல்லாதிருந்தால் ஊர் கூடிப் பேச ஒன்றுமே இருந்திருக்காது. வியந்து பார்ப்பதற்கும் உதவுவதற்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதை உளவியல் ஆய்வுகளும் சொல்கின்றன.

அண்ணாந்து பார்த்தவர்கள்

அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு தைலமரத் தோப்பு இருக்கிறது. நம் நீலகிரியில் வளர்கிற அதே ஆஸ்திரேலிய இனம்தான். மரங்கள் சுமார் 200 அடி உயரம். உளவியலாளர் பால் பிஃப்பும் அவருடைய சக ஆய்வாளர்களும் மாணவர்களை ஒவ்வொருவராக இங்கே அழைத்து வந்தார்கள். சிலரிடம் அந்த மரங்களை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். வேறு சிலரை அதே இடத்தில் நிறுத்தி, வேறு திசையில் உள்ள உயரமான கட்டடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அதன்பின் ஆய்வாளர் ஒருவர் கை தவறியதுபோல் பேனாக்களைக் கீழே கொட்டினார்.

மரத்தைப் பார்த்தவர்கள், கட்டடத்தைப் பார்த்தவர்களைவிட அதிகமான பேனாக்களைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார்கள். 2015இல் வெளியான இந்த ஆய்வு சொல்வது இதுதான்: நம்மைவிடப் பெரிதான ஒன்றின் முன் நின்று வியக்கும்போது, 'நான், என் வேலை' என்ற நினைப்பு கொஞ்சம் சுருங்குகிறது. அப்போது பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிறார்.

வியப்பு என்றதும் மலை, கடல், கோயில் கோபுரம் என்றுதான் நினைக்கத் தோன்றும். அதே பெர்க்லியில் பணியாற்றும் உளவியலாளர் டாக்கர் கெல்ட்னர், தம் குழுவினருடன் சேர்ந்து 26 நாடுகளிலிருந்து சுமார் 2,600 பேரின் அனுபவங்களைத் திரட்டினார். 'உங்களை மெய்மறக்க வைத்தது எது?' என்பதே கேள்வி. இயற்கைக் காட்சிகள், இசை, பிறப்பு, இறப்பு என்று பதில்கள் பலவாறாக வந்தன. மிக அதிகமாக வந்தவை மற்ற மனிதர்களின் கருணையையும் துணிவையும் பற்றியவை. யாரோ ஒருவர் இன்னொருவருக்குச் செய்த நன்மையைக் கண்டு சிலிர்த்துப்போனதை, நாடும் மொழியும் கடந்து மக்கள் எழுதியிருந்தார்கள். வியப்பவர் உதவுகிறார், அந்த உதவியைப் பார்க்கிற மூன்றாமவர் வியக்கிறார்.

பத்தில் ஒருவர்

இந்தச் சங்கிலியை அறுக்கக்கூடியது எது? கல்நெஞ்சம் என்று சொல்லிவிடத் தோன்றும். 1973இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று வேறு பதிலைத் தருகிறது.

பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் படித்த மாணவர்களிடம், பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற ஆய்வாளர்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை. அடிபட்டுக் கிடந்தவனை மதகுருக்கள் கடந்துபோக, அந்நியன் ஒருவன் நின்று உதவுகிற கதை அது. போகிற வழியில், சந்து ஒன்றில், ஓர் ஆள் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள்.

நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்ட மாணவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நேரமாகிவிட்டது, உடனே போங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம். நல்ல சமாரியனைப் பற்றியே பேசப் போனவர்களிலும் சிலர் அந்த ஆளைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள். என்ன தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. எவ்வளவு அவசரத்தில் இருந்தார்கள் என்பதே தீர்மானித்தது.

இந்த முடிவு ஒருவகையில் ஆறுதலானது. கடந்துபோகிறவர்கள் எல்லோரும் மனம் கல்லானவர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. காலை எட்டரை மணிக்கு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கு, நடைபாதையில் தடுமாறும் முதியவர் கண்ணில் படுவதே கடினம். பட்டாலும் மனத்தில் பதிவதில்லை.

கல்லில் வைத்த கருணை

அவரவர் மனநிலைக்கும் நேரத்துக்கும் உதவியை விட்டுவிடக் கூடாது என்று நம் முன்னோர்கள் நினைத்தார்களோ என்னவோ, அதைச் சாலையோரத்திலேயே நட்டு வைத்தார்கள். பழைய வழித்தடங்களில் இன்றும் அங்கங்கே சுமைதாங்கிக் கற்களைப் பார்க்கலாம். செங்குத்தாக இரண்டு கற்கள், மேலே படுக்கையாக ஒரு கல். தலைச்சுமையோடு தனியாக நடப்பவருக்கு, சுமையைத் தரையில் இறக்குவதற்கும் மறுபடி தூக்கித் தலையில் ஏற்றுவதற்கும் இன்னொரு கை வேண்டும். கல்லின் உயரம் அந்த இன்னொரு கையாக நின்றது. குனியாமல் சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். பிறகு குனியாமலே எடுத்துக்கொண்டு நடக்கலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இவற்றை நடும் வழக்கமும் இருந்தது. இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக, வேறு யாரோ இறக்கி வைக்க ஓர் இடம் செய்து கொடுத்தார்கள்.

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் சுமைதாங்கியோடு ஆவுரோஞ்சிக் கல்லும் இருக்கும். மேய்ச்சலுக்குப் போய்வரும் மாடு தினவெடுத்தால் உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட கல் அது. மாட்டுக்கு முதுகு அரிக்கும் என்று கவனித்து, அதற்கென ஒரு கல்லைச் செதுக்கி நட யாருக்கோ பொறுமை இருந்திருக்கிறது. பருத்தித்துறையில் உள்ள தெருமூடி மடம் இன்னும் ஒரு படி மேல். தெருவையே மூடி நிற்கும் கூரையின்கீழ் இருபுறமும் திண்ணைகள். அந்த வழியாகப் போகிற யாரும் மடத்துக்குள் நுழையாமல் போக முடியாது.

பறவைகளுக்கும் இப்படி ஊர்ப் பழக்கமாகவே இடம் கொடுத்தவர்கள் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊர் மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரங்களில்கூட மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டும். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்து, பறக்கும் பருவம் வந்ததும் விட்டுவிடுவார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடிச் சத்தமே கேட்காது. 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அந்த ஊர்க் கண்மாய்களையும் உள்ளடக்கியது. ஐப்பசி மாதம் வலசை வந்து கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக, ஆசைப்படுகிற பிள்ளைகள் உட்பட ஊரே பட்டாசை விட்டுக்கொடுத்திருக்கிறது.

கொடுப்பவர் போடும் தப்புக் கணக்கு

நேரமும் இருக்கிறது, கண்ணிலும் படுகிறது, மனமும் வருகிறது. ஆனாலும் கை நீள்வதில்லை. 'இதைக் கொடுத்தால் என்ன நினைப்பாரோ', 'இவ்வளவு சின்ன விஷயத்தைப் போய்ச் செய்வதா' என்ற தயக்கம்.

சிகாகோவில் ஒரு குளிர்காலத்தில், பூங்கா ஒன்றின் பனிச்சறுக்குத் திடலில் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் இந்தத் தயக்கத்தைச் சோதித்தார்கள். வந்தவர்களுக்கு ஒரு கோப்பை சூடான சாக்லேட் பானம் கொடுத்து, நீங்களே குடிக்கலாம் அல்லது முன்பின் தெரியாத யாருக்காவது கொடுக்கலாம் என்றார்கள். பெரும்பாலோர் கொடுத்தார்கள். வாங்கியவர் இதை எவ்வளவு பெரிதாக நினைப்பார் என்று கொடுத்தவர்களிடம் கேட்டபோது, குறைவாகத்தான் மதிப்பிட்டார்கள். வாங்கியவர்களோ அதைவிடப் பெரிதாக மதித்தார்கள். மனமும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குளிர்ந்திருந்தது.

இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. கொடுப்பவர் பொருளைப் பார்க்கிறார். ஒரு கோப்பை பானம், அவ்வளவுதானே என்று நினைக்கிறார். வாங்குபவருக்கு அந்தப் பானத்தோடு, அறியாத ஒருவர் தன்னை நினைத்தார் என்ற செய்தியும் சேர்ந்து வருகிறது. 2022இல் வெளியான இதே ஆய்வுத் தொடரில் இன்னொன்றும் தெரியவந்தது. அன்பாக ஒன்றைப் பெற்றவர்கள், அடுத்து முகம் தெரியாத ஒருவருக்குப் பங்கு பிரிக்கும்போது கூடுதலாகவே கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் இதையும் எதிர்பார்க்கவில்லை.

கோவையை அடுத்த வடிவேலம்பாளையத்துக் கமலாத்தாள் பாட்டியின் இட்லிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஒரு ரூபாய்க்கு ஓர் இட்லி. கூலி வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதற்காக அவர் அந்த விலையை ஏற்றாமல் வைத்திருந்தார். ஆட்டுக்கல்லில் மாவாட்டி, விறகு அடுப்பில் வேகவைத்து, பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் நடந்த கடை அது. 2019இல் வீடியோ பரவி நாடே பார்த்த பிறகு சமையல் எரிவாயு இணைப்பு வந்தது. 2020 ஊரடங்கின்போதும் அதே விலைக்கு அவர் இட்லி கொடுக்க, பலர் அரிசியும் பருப்பும் அனுப்பினார்கள். 2022 அன்னையர் தினத்தையொட்டி தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா தரப்பில் புது வீடு ஒப்படைக்கப்பட்டது. ஓர் இட்லியின் விலையில் தொடங்கியது, எத்தனையோ பேரின் கையை நீள வைத்தது.

பார்க்கவும் சொல்லவும்

நின்று பார்க்கிற பழக்கம் பயிற்சியால் வரக்கூடியது. சான் பிரான்சிஸ்கோவில் வர்ஜீனியா ஸ்டர்ம் தலைமையிலான குழு, முதியவர்களை எட்டு வாரங்களுக்கு வாரம் ஒருமுறை 15 நிமிடம் நடக்கச் சொன்னது. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக ஒரு குறிப்பு: நடக்கும்போது ஏதாவது ஒன்றைப் புதுக் கண்ணோடு பாருங்கள். இலையின் நிறமாற்றம், வெயில் விழும் விதம், எதுவானாலும் சரி. நடையின்போது செல்ஃபியும் எடுக்கச் சொன்னார்கள். வாரங்கள் செல்லச் செல்ல, வியந்து நடந்தவர்களின் படங்களில் அவர்களுடைய உருவம் சிறுத்துக்கொண்டே வந்தது. சுற்றியிருந்த மரமும் வானமும் அதிக இடம் பிடித்தன. முகத்தில் சிரிப்பு மட்டும் கூடியது. 2020இல் வெளியான இந்த ஆய்வின்படி, அவர்களுக்கு அன்றாட மனச்சுமை குறைந்தது. பிறர்மீது கனிவு கூடியது. நம் ஊரில் இதற்குத் தனியாகப் பூங்கா தேவையில்லை. பால் வாங்கப் போகிற வழியில் வேலியோரம் சிலந்தி பின்னிய வலையும், வாசலில் அரிசிமாவுக் கோலத்தை எறும்புகள் வரிசைகட்டிச் சுமந்து போவதும் போதும்.

பார்த்ததைச் சொல்வது அடுத்த வேலை. இதிலும் நாம் தயங்குகிறோம். நன்றிக் கடிதம் எழுதியவர்களை வைத்து அமித் குமாரும் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கடிதம் பெறுகிறவர் சங்கடப்படுவார் என்று எழுதியவர்கள் அதிகமாகப் பயந்தார்கள். அவர் அடையப் போகும் மகிழ்ச்சியைக் குறைவாகக் கணித்தார்கள். பெற்றவர்கள் கடிதத்தில் எழுத்துப் பிழை தேடவில்லை. அதன் அன்பையே பார்த்தார்கள்.

கொள்ளுக்குடிப்பட்டி மக்களுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் வனத்துறையினர் இனிப்பு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பட்டாசு வெடிக்காமல் இருப்பதை யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவது எளிது. நடக்காத ஒன்றுக்கு நன்றி சொல்லக் கூர்ந்த பார்வை வேண்டும். அத்தகைய பார்வையோடு சொந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிற எவருக்கும் நான்கைந்து முகங்களாவது நினைவுக்கு வரும். கட்டணம் கட்ட முடியாத மாதத்தில் வாய் திறந்து கேட்காத டியூஷன் டீச்சர், ஆஸ்பத்திரி வராந்தாவில் தன் டீயைப் பாதி ஊற்றிக் கொடுத்த பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, பிரசவ வலி கண்ட இரவில் ஆட்டோவுக்குக் காசு வாங்க மறுத்தவர். சிலருடைய பெயரே தெரியாது. பெயரும் நம்பரும் தெரிந்த ஒருவரையாவது இந்த வாரம் கூப்பிட்டுப் பேசலாம். "அன்னிக்கு நீங்க செஞ்சதை நான் இன்னும் மறக்கலைங்க" என்று ஆரம்பித்தால், மீதிப் பேச்சு தானாக வந்துவிடும்.